தீவகத்தில் ஒரு பட்டிப்பொங்கல்

தைப்பொங்கலுக்கு அடுத்த நாளைத் தமிழ்நாட்டார் மாட்டுப்பொங்கல் என்பர். யாழ்ப்பாணத்தார் பட்டிப்பொங்கல் என்பர். பெயரிலுள்ள இச்சிறு வேறுபாடு சற்று நின்று நோக்கத்தக்கது. பட்டி என்பது மாடுகளை அடைக்கும் இடம். அறுவடை முடிந்து வெறுமையாய்க் கிடக்கும் வயலிலே தடி நட்டுக் கயிறு கட்டி வேலி வளைத்து, ஊர் மாடுகளை இராமுழுதும் அதனுள் அடைத்துவைப்பது நம் முன்னோர் வழக்கம். சில நாள் கழிந்ததும் வேலியைப் பெயர்த்து அடுத்த துண்டு நிலத்தில் நடுவர். இவ்வாறு பட்டி நகர நகர, வயல் முழுவதும் எருப் பரவி, விதைப்புக் காலம் வருமுன்னே நிலம் உரமேறிவிடும். எருவைச் சுமந்து செல்லும் கூலி மிச்சம். மாட்டுக்குத் தனிக் கொட்டில் வேண்டியதில்லை. ஆகவே பட்டிப்பொங்கல் என்னும் சொல்லில் மாடு மட்டுமன்றி, மாட்டைக்கொண்டு நடந்த வேளாண்மை முழுவதுமே அடங்கிக் கிடக்கிறது.

அந்த வேளாண்மை இன்று ஏறத்தாழ ஓய்ந்துவிட்டது. பொங்கல் மட்டும் ஓயவில்லை. ஓயாதது மட்டுமா? ஆண்டுக்கு ஆண்டு கூட்டமும் ஒலிபெருக்கியும் பெருகி வருகின்றன. உழவு மாடு குறைந்துபோன ஊரிலே உழவு மாட்டுக்குரிய திருநாள் எவ்வாறு வளர்கிறது? இக்கேள்வி நெடுநாளாக என் மனத்தில் இருந்தது. அண்மையில் ஒரு பட்டிப்பொங்கல் நாளன்று, உயர்வகுப்பு மாணவர் நால்வரை உடன் அழைத்துக்கொண்டு தீவகத்துக்குப் புறப்பட்டேன்.

யாழ்ப்பாண நகரை விட்டுப் பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் இருபுறமும் பரவைக்கடல். காலை வெயிலில் மீன்பிடிக் கட்டுக்களின் தடிகள் நீரிலே கோடு கிழித்தாற்போல நிற்கும். கடலைத் தாண்டினால் வேலணைத் தீவு. ஊர்காவற்றுறை, கரம்பன், நாரந்தனை, சரவணை, வேலணை, அல்லைப்பிட்டி முதலாய ஊர்கள் இத்தீவில் உள்ளன. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை நம் தீவுகளுக்குச் சூட்டி மகிழ்ந்தவர்கள். இத்தீவுக்கு லெய்டன் என்றும், நயினாதீவுக்கு ஹார்லம் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும், காரைதீவுக்கு அம்ஸ்ரடாம் என்றும் பெயரிட்டனர். ஊரார் அவற்றுள் ஒன்றையேனும் வாயில் வைத்து அழைத்ததாகத் தெரியவில்லை. டெல்வ்ற் என்ற பெயர் மாத்திரம் நெடுந்தீவின் மேல் இன்றும் ஆங்கில ஏடுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வழியிலே பல வீடுகளின் முற்றத்தில் பொங்கல் பானை இறக்கியாகிவிட்டது. குளிப்பாட்டிய பசுக்கள் நெற்றியிற் குங்குமமும் கழுத்திற் பூமாலையுமாக நின்றன. ஓரிடத்தில் ஒரு சிறுமி வாழையிலைத் துண்டிலே பொங்கலை வைத்து நீட்ட, கன்று இலையை முதலில் தின்று பொங்கலைப் பிறகு தின்றது. கதவடைத்த வீடுகளையும் கூரை இடிந்த வீடுகளையும் கண்டோம். 1990இலும் 1991இலும் இத்தீவுகளை விட்டுப் பெயர்ந்த மக்களிற் பெரும்பாலோர் மீளவில்லை. யாழ்நகரிலும் கொழும்பிலும் கனடாவிலும் பிரான்சிலும் அவர்களுடைய பொங்கல்.

சவாரித் திடல்

சவாரி நடைபெறும் திடல் நீண்டொடுங்கிய வெளி. இருமருங்கிலும் கயிறு கட்டி, அதற்கப்பால் சனங்கள் நெருங்கி நின்றனர். யாழ்ப்பாணத்து வண்டிற் சவாரியைக் காணாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். சவாரி வண்டில் பாரமேற்றும் வண்டிலைப் போன்றதன்று. இலேசான மரத்தாற் செய்த சிறிய வண்டில். எருதுகள் இரண்டு. மாடுகளின் உயரத்தையும் பல்லையும் பார்த்து அவற்றைப் பிரிவு பிரிவாக வகுக்கிறார்கள். பல்லைப் பார்ப்பது வயதை அறிதற்கு. பாற்பல் விழுந்து நிலைப்பற்கள் இரண்டிரண்டாக முளைக்கும் முறையைக் கொண்டு எருதின் வயதைக் கணிக்கும் இக்கலை எழுத்தறியாத உழவனும் அறிந்திருந்த ஒன்று. என் மாணவர் நால்வருள் ஒருவர்க்கும் அது தெரியாது. உயிரியல் பாடத்தில் அவர்கள் பெறும் புள்ளிகளைப் பற்றிக் குறைசொல்ல இடமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கொடி அசைந்தது. வண்டில்கள் புறப்பட்டன என்று எழுதினால் போதாது; மண் எழுந்தது என்றே எழுதவேண்டும். புழுதியின் நடுவே கொம்புகளும், ஓட்டுபவரின் உயர்ந்த கையும், அக்கையிலே துவரங்கம்பும் தெரிந்தன. கண் இமைப்பதற்குள் எங்களைக் கடந்துபோயின. நிலம் அதிர்வதைக் காலாலே உணர்ந்தோம். கூட்டத்தின் கூச்சலிலே சதங்கை ஒலி அமுங்கிப் போயிற்று. அழகான காட்சிதான். அந்தக் கம்பு விழுந்த விதத்தை அழகென்று சொல்ல என்னால் இயலாது. ஓடி முடித்த ஒரு மாட்டின் தொடையில் வீங்கிய தழும்புகளைக் கண்டேன். பொங்கலுக்கு மறுநாள், மாட்டுக்கு நன்றி சொல்லும் நாளிலே, இக்காட்சி பொருந்துமா என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். பக்கத்தில் நின்ற இளைஞர் அதற்கு, "வருசம் முழுக்க முட்டையும் உளுந்தும் குடுத்துப் பிள்ளை மாதிரி வளர்க்கிறவங்கள், தம்பி. அதையும் பார்க்கவேணும்" என்றார். அவர் கூற்றும் பொய்யன்று.

திடலின் ஓரத்தில், வேப்பமர நிழலிலே, கறுத்து உயர்ந்த சோடி எருதுகளைப் பிடித்துக்கொண்டு ஒரு முதியவர் நின்றார். மயிலை நிறம் கலந்த கறுப்பு; திமில் தோளுக்கு மேலே குன்றுபோல. எழுபது வயது கடந்தவராயிருத்தல் வேண்டும்.

"ஐயா, இந்தச் சோடி உழவுக்கும் போகுமோ?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "உவை வேலைக்குப் பழகேல்லைத் தம்பி. ஓடத்தான் பழகினவை. கலப்பையிலை பூட்டினால் ரெண்டு சால் போகமாட்டினம்."

"உழவு மாடு ஊரில் இல்லையோ?"

"எங்கையேன் ஒண்டு ரெண்டு இருக்கும். லாண்ட்மாஸ்ரர் வந்தாப்பிறகு ஆருக்கு மாடு தேவை? அப்ப என்னட்டை மூண்டு ஏர் இருந்தது. இப்ப இந்தச் சோடி. உவையும் என்ரையில்லை, மேனுடையது. அவன் பிரான்சிலை."

அந்தச் சில வசனங்களிலே என் கேள்விக்கு விடையின் பெரும்பகுதி இருந்தது. திருநாள் வளர்வதற்கும் உழவு மாடு குறைவதற்கும் முரண்பாடில்லை. வளர்வது ஓட்டமாடு, குறைவது ஏர்மாடு. வெளியிலிருந்து வரும் பணம் ஒன்றை ஊட்டி வளர்க்கிறது. மற்றதை ஊட்டுவதற்கு ஒருவருக்கும் காரணமில்லை. காரணமின்றி எவரும் இரண்டு எருதுகளுக்கு வைக்கோலும் பிண்ணாக்கும் வாங்கமாட்டார். ஆண்கன்று பிறந்தால், அதனை நாம்பனாக வளர்ப்பதைவிட விற்பதே மேல் என்பது இன்றைய கணக்கு. விற்ற மாடு எங்கே போகிறது என்பதை நான் எழுதவேண்டியதில்லை. தீவகத்தில் மாடுகள் களவுபோவதும் மறைவிடங்களில் வெட்டப்படுவதும் நம் நாளிதழ்களில் அடிக்கடி வரும் செய்திகள்.

நிலத்துக்கேற்ற மெதுநடை

ஏர்மாடு போனால் என்ன, இயந்திரம் விரைவாக உழுகிறதே என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு சோடி எருது பலநாள் உழும் வயலை இயந்திரம் ஒருநாளில் உழுது தள்ளிவிடும். ஆனால் எந்த நிலத்தை, எவ்வளவு ஆழமாக, எத்தனை விரைவாக என்பது தீவகத்திலே சாதாரண கேள்வியன்று. இங்கே மண் மெல்லிய போர்வை; அதன் கீழே சுண்ணாம்புக்கல். மழைநீர் இக்கல்லின் வெடிப்புக்களால் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேலே ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரிலும் கனம் குறைந்தது என்பதே இதற்குக் காரணம். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் நிற்கும் என்று நிலநீரியலார் கணக்கிட்டிருக்கின்றனர். இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அச்சம் உண்டாகும்: மேலே 1 அடி நீரை இறைத்து இறக்கினால், கீழே உவர்நீர் பல மடங்கு மேலேறும்.

நம் முன்னோர்க்கு இக்கணக்குத் தெரியாது. கிணற்றின் சுவை தெரியும். துலாவிலே மனிதர் ஏறி மிதித்து இறைத்தனர். வசதியுள்ளவர் சூத்திரம் பூட்டினர். சூத்திரம் என்பது எருது சுற்றிச் சுற்றி நடக்க, சங்கிலியிற் கோத்த வாளிகள் ஒன்றன்பின் ஒன்றாக நீரை மொண்டு ஊற்றும் பொறி. எருது களைத்தால் இறைப்பு நிற்கும், கிணறு ஊறும். 1950களின் பின் நீரிறைக்கும் இயந்திரங்கள் குடாநாடெங்கும் பரவின. இயந்திரம் களைப்பதில்லை. கிணறு உவர்த்தபின்னரே நிறுத்துவோம். எருதின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது என்பதை எந்த வாய்க்காலிலும் எழுதிவைக்கவில்லை. ஆதலால் எருது போனபோது காவலும் போயிற்று.

உழவிலும் இவ்வாறே. நாட்டுக் கலப்பை மண்ணைப் புரட்டுவதில்லை, கீறிச்செல்லும். மேல்மண் மேலேயே கிடக்கும். ஈரம் காக்கப்படும். ஆழ உழும் இரும்புக் கலப்பை, மண் ஓரடி கூட இல்லாத இடத்திலே சுண்ணாம்புக் கல்லைக் கிளப்பிவிடும். இவையெல்லாம் எருதைத் தெய்வமாக்கும் பேச்சுக்களல்ல. பழைய வேளாண்மையைப் பொன்னுலகமாகச் சித்திரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏரின் பின்னால் நடந்தவனுக்கு நிலம் சொந்தமில்லாத காலம் அது. அவன் சாதி அவனைக் கிணற்றுக்கட்டிலே ஏறவிடாத காலமும் அதுவே. பள்ளுப் பிரபந்தங்களைப் படிக்கும் மாணவர் அதில் மாட்டு வகைகளையும் நெல் வகைகளையும் சுவைத்துவிட்டு, பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவிலே மாட்டுகின்ற இடத்தை விரைந்து கடந்துபோகின்றனர். அந்த இடத்திலும் நின்று படிக்கவேண்டும் என்றே நான் வகுப்பிற் சொல்லிவருகிறேன். சவாரித் திடலின் ஒலிபெருக்கி "எங்கள் பாரம்பரியம்" என்று முழங்கியபோது, யாருடைய பாரம்பரியம், அதில் யார் பூட்டினார், யார் ஓட்டினார், யார் உண்டார் என்ற கேள்வி என் செவியில் ஒலித்துக்கொண்டிருந்தது.

சத்தகமும் இரும்புப் பட்டமும்

திடலுக்கு அப்பால் பனைகளின் கீழே ஓலைக் கொட்டில்கள் சில போட்டிருந்தனர். கைப்பணிப் பொருள்கள் அங்கே விற்பனைக்கு இருந்தன. கடகம், பெட்டி, சுளகு, குட்டான், நீற்றுப்பெட்டி, உமல், தடுக்கு எனப் பனையோலையாலாகிய பொருள்களே மிகுதி. இடையிடையே பனாட்டும் ஒடியலும் பனங்கட்டியும். ஓர் அம்மையார் நிலத்தில் அமர்ந்து ஓலை வார்ந்துகொண்டிருந்தார். கையிலே சத்தகம். விரல்நீளமுள்ள அச்சிறு கத்தியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார் ஒரு மாணவர். குருத்தோலையை நிழலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து, இழைத்துக்கொண்டே போய், விளிம்பை மட்டைநாராற் பொத்தி முடிக்கும்வரை அவர் கை நிற்கவில்லை; பேச்சும் நிற்கவில்லை.

"ஒரு கடகம் எவ்வளவு நாள் உழைக்கும் அம்மா?"

"நெல்லுச் சுமந்தால் ரெண்டு மூண்டு வருசம். இப்ப ஆர் சுமக்கினம்? சாமி அறையிலை பூ வைக்க வாங்கினம். அதுக்கு ஆயுசு பரியந்தம் போதும்" என்று சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பிலே ஒரு நுட்பமான பொருளாதாரம் இருந்தது. தேயும் பொருளுக்கு மீண்டும் மீண்டும் வாங்குபவர் உண்டு. தேயாமல் அலங்காரமாய் இருக்கும் பொருளை வாழ்க்கையில் ஒருமுறை வாங்கினால் முடிந்தது. பனை அபிவிருத்திச் சபை 1978இல் நிறுவப்பட்ட காலந்தொட்டு இத்தொழிலுக்குப் பயிற்சியும் சந்தையும் தேடி வருகிறது; சிறு கைப்பைகளும் தொப்பிகளும் அழகாகச் செய்யப்படுகின்றன. அவற்றை நான் குறைகூறவில்லை. ஆனால் பிளாஸ்ரிக் கூடை நுழைந்த நாள்தொட்டு, சூடு மிதித்த களத்திலே பொலியை அள்ளிய கடகத்துக்கு வேலை போயிற்று. வேலை போன பொருளின் கைத்திறன் பிடிமானமின்றி நிற்கிறது.

அடுத்த கொட்டிலில் ஒரு பழைய பார வண்டிலை நிறுத்தியிருந்தனர். வண்டிற் சில்லைச் செய்வது எத்தகைய நுண்தொழில் என்பதை அங்கே நின்ற தச்சுத் தொழிலாளர் ஒருவர் விளக்கினார். நடுவிலே குடம், குடத்திற் செருகிய ஆரக்கால்கள், ஆரக்கால்களின் மேலே வளைந்த மரத்துண்டுகளைப் பொருத்திய வட்டம். இவ்வளவையும் ஆணி அதிகமின்றிப் பொருத்திய பின், இரும்புப் பட்டம் பூட்டும் வேலை கொல்லருடையது. பட்டத்தைச் சில்லின் சுற்றளவிலும் சிறிது குறைவாகவே அடிப்பார்கள். பின் அதனை நெருப்பிலிட்டுச் செந்நிறமாகக் காய்ச்சுவர். காய்ந்த இரும்பு விரிந்து சில்லின் மேல் ஏறும். ஏறிய கணத்திலே நீரை வாரி ஊற்றுவர். இரும்பு சுருங்கிச் சில்லின் பொருத்துக்கள் யாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மரம் எரியுமுன் நீர் விழவேண்டும். இரும்பு ஆறுமுன் ஏறவேண்டும். தச்சர், கொல்லர், நீர் ஊற்றுபவர் அனைவருடைய கையும் ஒரு மூச்சிலே இயங்கவேண்டிய வேலை. வெப்பத்தால் உலோகம் விரியும் என்று பௌதிகப் பாடத்திலே படித்த என் மாணவர், அந்த விதி இத்தனை காலம் நம் ஊர்ப் பட்டறையிலே நடந்துகொண்டிருந்ததை அங்கேதான் அறிந்தனர்.

"கடைசியாய்ப் பட்டம் பூட்டினது எப்ப?" என்று கேட்டேன். அவர் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, விடை சொல்லாமல், வண்டிலின் கடையாணியைக் கழற்றி மாணவர் கையிலே கொடுத்தார்.

கொழு, மேழி, நுகம், பூட்டாங்கயிறு என்று கலப்பையின் உறுப்புக்களை எங்கள் வகுப்பிலே கேட்டால் நாற்பது பேரில் இருவர் சொல்வர். கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது இவ்வுறுப்புக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாடிய நூல். அக்காலத்தில் அதற்கு உரை தேவைப்பட்டிராது. இன்று சொல்லுக்கு உரை எழுதுகிறோம். உரைக்குள் வரும் சொல்லுக்கும் உரை எழுதுகிறோம்.

எண்ணெய் இல்லாத நாட்கள்

இவ்வளவும் ஏட்டுப்பேச்சு அன்று என்பதற்கு என் தலைமுறை சாட்சி. 1990ஆம் ஆண்டு தொடங்கிக் குடாநாட்டின் மேல் பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோலும் டீசலும் வரவில்லை. மண்ணெண்ணெய் பொன்விலை விற்றது. அந்நாட்களில் இயந்திரங்கள் கொட்டிலில் உறங்க, வண்டில்கள் மீண்டும் தெருவுக்கு வந்தன. எங்கள் அயலிலே ஒருவர், பல ஆண்டு பரணிற் கிடந்த கலப்பையை இறக்கிக் கொழுவைத் தீட்டுவித்ததை நான் சிறுவனாக நின்று பார்த்திருக்கிறேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரை விட்டுப் பெயர்ந்தபோது, மழையில் நாவற்குழிப் பாதையிலே ஊர்ந்த நெருக்கத்தினுள் மாட்டு வண்டில்களும் ஊர்ந்தன. எங்கள் பேர்த்தியார் அப்படியொரு வண்டிலிலே, நெல்மூடைகளுக்கும் ஒரு தையல் இயந்திரத்துக்கும் நடுவில் அமர்ந்து சாவகச்சேரி போய்ச் சேர்ந்தார். அந்த எருதுகளின் பெயர் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது; மனிதர் பலருடைய பெயர் மறந்துபோயிற்று.

2022ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் எரிபொருள் நெருக்கடி வந்தது. லாண்ட்மாஸ்ரர்கள் எண்ணெய் நிலையத்து வரிசையில் நின்றன. இம்முறை பரணிலிருந்து இறக்கக் கலப்பை இல்லை. இறக்கியிருந்தாலும் பூட்டுவதற்குப் பழகிய மாடில்லை. பழக்குவதற்கு ஆளில்லை. நாம்பனை நுகத்துக்குப் பழக்குவது ஒரு நாள் வேலையன்று. பழகிய எருதின் பக்கத்தில் பூட்டி, முதலில் வெறும் நுகம், பின் ஒரு மரக்குற்றி, பின் கலப்பை என்று மாதக்கணக்காக நடத்தவேண்டும். பழகிய எருதே இல்லாத ஊரில் முதல் நாம்பனைப் பழக்குவது யார்?

கியூபா நாட்டார் இக்கேள்விக்கு விடை கண்டவர்கள். 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது அந்நாட்டுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெயும் உழவு இயந்திர உறுப்புக்களும் நின்றுபோயின. பசி வந்தது. அரசாங்கம் எருதுகளை வெட்டுவதை நிறுத்தி, அவற்றைப் பழக்கத் தொடங்கிற்று. சில ஆண்டுகளுக்குள் உழவெருதுகளின் தொகை இருமடங்குக்கு மேலாயிற்று. அங்கே ஒரு பாக்கியம் இருந்தது: ஏர்பூட்டத் தெரிந்த கிழவர்கள் அப்போது உயிரோடிருந்தனர்.

தமிழ்நாட்டின் கதை வேறு வகையானது. 2014 மே 7ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடைசெய்தது. 2017 சனவரியில் சென்னை மெரினாக் கடற்கரையில் இளைஞர் திரண்டனர். நல்லூரிலும் நம் இளைஞர் அவர்களுக்காகக் கூடினர். தமிழ்நாட்டுச் சட்டசபை சட்டம் திருத்தியது. அச்சட்டம் செல்லும் என்று 2023 மே 18ஆம் நாள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளையாட்டு இல்லாவிட்டால் காங்கேயம் முதலிய நாட்டினங்களின் காளைகளை வளர்ப்பாரில்லை என்பது அன்று எடுத்துரைக்கப்பட்ட வாதங்களுள் ஒன்று. அதிலே உண்மை உண்டு. விளையாட்டு இனத்தைக் காக்கும். ஆனால் எந்தக் குணத்தை? பாய்பவனையும் ஓடுபவனையும் தேர்ந்தெடுத்து வளர்க்கும். வெயிலிலே பொறுமையாக நாள்முழுதும் நடக்கும் குணத்தை விளையாட்டு கேட்பதில்லை. வேலணை முதியவர் சொன்ன "ரெண்டு சால்" இங்கே நினைவுக்கு வருகிறது.

வேலை இழந்த குதிரைகள்

வேலை போனபின் ஒரு விலங்கு என்னவாகும் என்பதைக் கண்ணாரக் காண விரும்புவோர் தீவகத்திலே நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. மறுநாட் காலை புங்குடுதீவைக் கடந்து குறிகாட்டுவான் துறையிற் படகேறினோம். நயினாதீவுக்குச் செல்லும் அடியார் கூட்டம் ஒரு படகில். நாங்கள் நெடுந்தீவுப் படகில்.

நெடுந்தீவிலே கால்வைத்ததும் கண்ணிற் படுவன கல்மதில்கள். முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகள் அவை. வெளிகளுக்குப் போனால் குதிரைகள். சிறிய உருவம், மெலிந்த விலா, காற்றில் அலையும் பிடரி. போர்த்துக்கேயர் காலத்திற் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இவை. ஒல்லாந்தர் இங்கே குதிரை வளர்ப்பை நடத்தினர். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்னும் படைத்துறை அதிகாரி இத்தீவுக்குப் பொறுப்பாயிருந்து அதனைத் தொடர்ந்தார். பின்னர் அவ்வளர்ப்புக் கைவிடப்பட்டது. லாயத்தின் கற்றூண்கள் வரிசையாக நிற்கின்றன, கூரையில்லை. கட்டிவைத்தவர் போனபின் குதிரைகள் காட்டிலே கலந்து, தலைமுறை தலைமுறையாகத் தாமே பெருகின.

சுற்றிலும் கடல், வெட்டி விற்பவரில்லை, ஆகவே அவை பிழைத்தன. பிழைத்ததன் விலையையும் பார்க்கவேண்டும். கடுங்கோடைகளில் நீரின்றிக் குதிரைகள் இறந்துகிடந்த செய்தியைப் பலமுறை படித்திருக்கிறோம். 2015இல் இங்கே தேசிய வனப் பூங்கா ஒன்று பிரகடனம் செய்யப்பட்டது. படமெடுக்க வருபவர் பலர். ஒருவருக்கும் சொந்தமில்லாத விலங்குக்குத் தண்ணீர் வைப்பது ஒருவருக்கும் கடமையில்லை. இரக்கமுள்ள ஊரார் சிலர் தொட்டிகளை நிரப்புகின்றனர்.

குதிரைக்கு வாய்த்த இந்த அரைகுறை விடுதலையும் எருதுக்கு வாய்க்காது. கட்டாக்காலியாகத் திரியும் எருதைக் காடு தாங்காது, கத்தி தேடிவரும்.

துறைக்குத் திரும்பும் வழியிலே, ஒரு கல்மதிலுக்கு அப்பால், எதிர்பாராத காட்சியொன்று. ஐம்பது வயதுடைய ஒருவர் இரண்டு சிறு நாம்பன்களை நுகத்திற் பூட்டி, பனங்குற்றி ஒன்றை இழுப்பித்துக்கொண்டிருந்தார். ஒன்று நேராக நடந்தது. மற்றது மதிலையே நோக்கிச் சாய்ந்தது. அவர் கையிற் கம்பில்லை; நாக்கைத் தட்டி ஒலியெழுப்பியும், கயிற்றை இலேசாக இழுத்துமே திருப்பினார்.

"சவாரிக்கோ அண்ணை?" என்று ஒரு மாணவர் கேட்டார்.

"இல்லைத் தம்பி, விதைப்புக்கு" என்றார் அவர். மதிலிலுள்ள இடைவெளியைக் காட்டினார். ஓர் ஆளும் ஒரு சோடி மாடும் நுழையும் அகலம். "உதுக்குள்ளை நாலு சில்லு மிசின் வராது. மதிலை உடைச்சால் வரும். அப்பு அடுக்கின மதில். நான் ஏன் உடைக்கிறன்?"

கடலுக்கு அப்பாலிருந்து சவாரிக்காரர் ஒருவர் வந்து, நேராக நடக்கும் அந்த நாம்பனுக்கு நல்ல விலை சொல்லியிருக்கிறாராம். "குடுக்கப் போறியளோ?" என்று கேட்டேன்.

அவர் குற்றியை அவிழ்த்து, சாய்ந்து நடந்த நாம்பனை வலப்பக்கம் மாற்றிப் பூட்டினார். "புரட்டாதி விதைப்பு முடியட்டும், பாப்பம்" என்று சொல்லிவிட்டு நாக்கைத் தட்டினார். இரண்டும் நடந்தன.